உணவை மறுக்கும் கடல் பேத்தை மீன்: கோலாலம்பூரில் புதிதாக மீன் வளர்ப்போருக்கு ஒரு வழிகாட்டி

கடல்நீர்த் தொட்டியில் வளரும் பேத்தை மீன் சாப்பிட மறுத்தால், புதிதாக மீன் வளர்க்கத் தொடங்கியவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். உணவை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறார்; அல்லது கடைக்கு ஓடி ஏதேனும் ஒரு மருந்துப் புட்டியை வாங்கி வந்து தொட்டியில் ஊற்றிவிடுகிறார். முதலாவது நீரைக் கெடுக்கிறது. இரண்டாவது பல வேளைகளில் மீனையே கெடுத்துவிடுகிறது. கடைகளில் பஃபர் என்றும் சந்தையில் புந்தால் என்றும் சொல்லப்படும் இந்த மீன் இயல்பிலேயே பெருந்தீனிக்காரன். அது உணவைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கிறது என்றால், குறை அனேகமாக உணவில் இருக்காது. நீரிலோ வாயிலோ உடம்பிலோ இருக்கும். ஆகவே நீரை முதலிலும், வாயை அடுத்தும், தோலையும் செவுளையும் அதற்கடுத்தும் ஆராய்ந்துவிட்டு, உணவைப் பற்றிக் கடைசியில் யோசிப்பதே இங்கே விளக்கப்படும் முறை.

எவ்வளவு அவகாசம் இருக்கிறது?

பதற்றப்படுவதற்கு முன் மீனின் வயிற்றைப் பாருங்கள். நன்றாக உண்டு வளர்ந்த, கையளவு நீளமுள்ள, பேத்தை வகைகளான போர்க்குபைன் பஃபரோ டாக்ஃபேஸ் பஃபரோ ஒரு வாரம் பட்டினி கிடந்தால் அதனால் மட்டும் இறந்துவிடாது; அதற்கு மேலும் தாங்கும் மீன்கள் உண்டு. ஏறத்தாழ 10 சென்டிமீட்டருக்கு மேல் வளராத வாலன்டினி பஃபருக்கும், கட்டைவிரல் அளவிலேயே வாங்கப்படும் குஞ்சுகளுக்கும் அத்தனை அவகாசம் கிடையாது; அவை மூன்று நான்கு நாள் உண்ணாவிட்டாலே கவனிக்க வேண்டும். வயிறு தட்டையாகவோ சற்றே உருண்டையாகவோ இருந்தால் நிதானமாகச் செயல்படலாம். வயிறு உள்வாங்கி, தலைக்குப் பின்னால் முதுகின் இருபுறமும் சதை வற்றிக் குழி விழுந்திருந்தால், பட்டினி நீங்கள் நினைப்பதைவிட நெடுநாளாக நடந்திருக்கிறது என்று பொருள். நாள்தோறும் ஒரே கோணத்தில் பக்கவாட்டிலிருந்து ஒரு படமும் மேலிருந்து ஒரு படமும் எடுத்து வைத்துக்கொண்டால், கண் கவனிக்கத் தவறும் மெலிவைப் படம் காட்டிக்கொடுக்கும்.

வாங்கி வந்து ஒரு வாரம் ஆகாத மீன் உண்ணாமல் மூலையில் ஒதுங்கியிருப்பது இயல்பானது. அதற்கு ஒளிந்துகொள்ள ஓர் இடம் கொடுத்து, விளக்கைத் தணித்து, கண்ணாடியைத் தட்டாமல் விட்டுவிடுவதே போதும்.

நெடுநாளாக வீட்டில் இருக்கும் மீன் என்றால், அது உண்மையிலேயே பட்டினியாக இருக்கிறதா என்பதையும் விசாரிக்க வேண்டும். ஆளைக் கண்டதும் கண்ணாடியருகே வந்து நீந்திக் கெஞ்சுவது பேத்தையின் பழக்கம். அதைப் பார்த்து மனமிரங்கும் பாட்டி காலையில் ஒரு இறாலும், பள்ளிவிட்டு வரும் பிள்ளை மதியம் ஒரு இறாலும் போட்டிருந்தால், மாலையில் நீங்கள் நீட்டும் உணவை அது மறுப்பதில் வியப்பில்லை. வளர்ந்த பேத்தைக்கு வாரத்தில் மூன்று அல்லது நான்கு முறை உணவளித்தால் போதும். யார், எப்போது, எதைப் போட்டார் என்று தொட்டியின் அருகில் ஒரு தாளில் எழுதி வைக்கும் வழக்கத்தை வீட்டில் கொண்டுவாருங்கள்.

மீன் வேகமாக மூச்சு வாங்கினாலோ, பக்கவாட்டில் சரிந்து கிடந்தாலோ, நீரின் மேற்பரப்பில் உடல் உப்பியபடி மிதந்தாலோ, மேற்சொன்ன அவகாசக் கணக்கு எதுவும் பொருந்தாது. உடனே நீரைச் சோதித்து, கால்நடை மருத்துவரையும் அன்றே தொடர்புகொள்ளுங்கள்.

மறுக்கும் விதத்தைக் கவனியுங்கள்

‘சாப்பிடவில்லை’ என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுவதற்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு நடத்தைகள் அடங்கியிருக்கின்றன. ஒரு சிறு துண்டுக் கணவாயை நீண்ட இடுக்கியில் பிடித்து மீனின் முன்னால் மெதுவாக அசைத்து, ஐந்து நிமிடம் அமைதியாகப் பாருங்கள். விரலால் நீட்டாதீர்கள், சிப்பி ஓட்டை நொறுக்கும் அலகுக்கு விரல் ஒரு பொருட்டே இல்லை.

மீன் உணவைக் கண்டுகொள்ளவே இல்லை, கண்கள் மங்கி, வால் உடலோடு ஒட்டி மடங்கி, நிறம் கருத்திருக்கிறது என்றால், காரணம் நீரிலோ நோயிலோ இருக்கிறது. பேத்தை மீன் மனநிலைக்கேற்ப நிறம் மாறக்கூடியது. நாள் முழுவதும் வயிற்றுப் பகுதி வரை கருமை படிந்திருப்பது நல்ல அறிகுறி ஆகாது.

உணவை நோக்கி வந்து, முகர்ந்து பார்ப்பதுபோல் நின்று, வாயைத் திறக்காமலே விலகிப் போகிறது என்றால், ஒன்று அந்த உணவு அதற்குப் பழக்கமில்லை, அல்லது அது எதற்கோ அஞ்சுகிறது, அல்லது தாடை அசையவில்லை. இந்த மூன்றையும் பிரித்தறிய வாயைக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

உணவைக் கவ்வுகிறது, மெல்ல முயல்கிறது, பிறகு துப்பிவிடுகிறது. அல்லது கவ்வும்போது குறி தவறிப் பக்கத்தில் கடிக்கிறது. துப்பும் மீனுக்குப் பசி இருக்கிறது, வாயில்தான் தடை. குறி தவறும் மீனுக்குப் பார்வை மங்கியிருக்கலாம். பேத்தை கண்ணால் கண்டு வேட்டையாடும் மீன் ஆதலால், கண்ணில் வெண்படலம் விழுந்தாலே பட்டினி தொடங்கிவிடும். அப்படிப்பட்ட மீனுக்கு உணவு வாயைத் தொடும்படி இடுக்கியால் கொண்டுபோய்க் கொடுத்தால் பெரும்பாலும் உண்டுவிடும்.

முதற்படி: நீர்

பேத்தை இறைச்சி தின்னும் மீன். தின்னும்போது துணுக்குகளைச் சிதறடிக்கும், கழிவும் அதிகம். இதனால் அதே அளவுள்ள வேறு மீனைவிடத் தொட்டி நீரை விரைவில் கெடுத்துவிடும். எனவே உணவு மறுப்பைக் கண்ட அன்றே அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் (அமில-காரத் தன்மை), உப்புச்செறிவு, வெப்பநிலை ஆகிய ஆறையும் அளந்து எழுதுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாக இருக்க வேண்டும். நைட்ரேட் 20 பிபிஎம்-க்குள் (பத்து இலட்சத்தில் 20 பங்குக்குள்) இருப்பது நல்லது. 40-ஐத் தாண்டினால் நீர் மாற்றுவதில் நீங்கள் பின்தங்கியிருக்கிறீர்கள். பிஎச் 8.1 முதல் 8.4 வரையிலும், உப்புச்செறிவைக் காட்டும் அளவான ஒப்படர்த்தி 1.020 முதல் 1.025 வரையிலும், வெப்பநிலை 24 முதல் 27 பாகை வரையிலும் இருக்கட்டும். நீரைக் கடைக்கு எடுத்துச் சென்று ‘நன்றாக இருக்கிறது’ என்ற பதிலோடு திரும்பாதீர்கள். எண்களைக் கேட்டு வாங்குங்கள். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டியைச் சொந்தமாக வைத்திருப்பது, அலங்காரப் பவளக் கற்களுக்குச் செலவிடுவதைவிடப் பயனுள்ளது.

அம்மோனியா சிறிதளவே காட்டினாலும் அதைக் கடல்நீரில் அலட்சியப்படுத்தக் கூடாது. பிஎச் உயர்ந்தும் நீர் சூடாகவும் இருக்கும்போது அம்மோனியாவின் நச்சு வடிவத்தின் பங்கு கூடுகிறது. நம் ஊர்க் கடல்நீர்த் தொட்டியில் இந்த இரண்டு நிலைமைகளும் சேர்ந்தே இருக்கின்றன. அம்மோனியா தென்பட்டால் உணவு கொடுப்பதை முழுமையாக நிறுத்தி, மொத்த நீரில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மாற்றி, மறுநாள் மீண்டும் அளந்து, தேவைப்பட்டால் மீண்டும் மாற்றுங்கள். புதிய நீரின் வெப்பமும் உப்பும் தொட்டி நீரோடு ஒத்திருக்க வேண்டும். அதற்கென விற்கும் கடல் உப்புக் கலவையையே பயன்படுத்துங்கள். சமையல் உப்பும் கல்லுப்பும் அதற்கு ஈடாகா. முடிந்தால் ஒரு நாள் முன்னதாகவே கரைத்து, காற்றுக்கல் போட்டுச் சுழல விடுங்கள்.

அம்மோனியா எங்கிருந்து வந்தது என்பதையும் தேட வேண்டும். பாறைக்குப் பின்னால் அழுகும் இறால், செத்துப்போன நத்தை, மீன் எண்ணிக்கைக்குப் போதாத வடிகட்டி ஆகியவை வழக்கமான காரணங்கள். வடிகட்டியின் பஞ்சைக் குழாய்நீரில் அலசியதும் அவற்றுள் ஒன்று. குழாய்நீரில் இருக்கும் குளோரின் பஞ்சில் வாழும் நன்மை செய்யும் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரில்தான் அலச வேண்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வசிப்பவர்களுக்கு நீர் விநியோகத் தடை புதிதன்று. தடை வரும்போது நீர் மாற்றுவதைத் தள்ளிப்போட்டு, பிறகு குழாய் திறந்ததும் வரும் கலங்கல் நீரையே அவசரமாக உப்புக் கலந்து ஊற்றுவது, மீன் சாப்பாட்டை நிறுத்துவதற்குப் போதுமான காரணம். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் வாளியிலோ தொட்டியிலோ, உங்கள் மீன்தொட்டியின் மூன்றில் ஒரு பங்குக்குச் சமமான கலந்த கடல்நீரை எப்போதும் இருப்பு வைத்திருங்கள். தடை நீங்கியபின் நீர் தெளியும் வரை குழாயை ஓடவிட்டு, குளோரின் நீக்கியைச் சேர்த்த பிறகே அந்த நீரைப் பயன்படுத்துங்கள். போர்ட்டிக்சனிலிருந்து கடல்நீரைக் கேன்களில் கொண்டுவந்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். கரையோர நீரின் உப்பு மழைக்கேற்ப மாறும். சேறும் எண்ணெயும் கிருமிகளும் அதோடு சேர்ந்து வரும். நோயுற்ற மீனிடம் இந்தச் சோதனையைச் செய்யாதிருப்பது நல்லது.

வெப்பம் அடுத்த பெரிய பிரச்சினை. கோலாலம்பூரில் பகலில் 32, 33 பாகை வரை வெப்பம் ஏறும்; அடுக்குமாடி வீட்டின் மேற்குப் பக்க அறையில் தொட்டி இருந்தால் நீர் எளிதில் 30-ஐத் தாண்டும். சூடேறிய நீரில் உயிர்வளி குறைவாகவே கரையும்: உப்பு நிறைந்த கடல்நீரில் 25 பாகையில் லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் கரையுமென்றால், 30 பாகையில் அது 6.2-க்கு இறங்கிவிடுகிறது. அதே வேளையில் மீனின் உயிர்வளித் தேவையோ கூடுகிறது. இதைவிட மோசமானது, இரவில் குளிர்சாதனம் ஓடி, பகலில் அணைக்கப்படும் படுக்கையறையில் தொட்டியை வைப்பது. நீரின் வெப்பம் தினமும் நான்கைந்து பாகை ஏறி இறங்கும். நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி வாங்க இயலுமானால் அதுவே சிறந்தது. இயலாதவர்கள் நீரின் மேற்பரப்பில் படும்படி சிறிய விசிறி வைக்கலாம். அது இரண்டு மூன்று பாகை வரை குறைக்கும்.

ஆனால் விசிறி நீரை ஆவியாக்குகிறது, உப்போ தொட்டியிலேயே தங்குகிறது. 200 லிட்டர் தொட்டியில் 10 லிட்டர் ஆவியானால் உப்புச்செறிவு ஏறத்தாழ ஐந்து விழுக்காடு கூடிவிடும். அந்தக் குறையை மீண்டும் உப்புநீரால் நிரப்புகிறவர்கள் வாரந்தோறும் செறிவை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். ஆவியான அளவை உப்பில்லாத தூய நீரால் மட்டுமே ஈடுசெய்ய வேண்டும். தொட்டிக் கண்ணாடியில் ஒரு கோடு வரைந்து, தினமும் அந்தக் கோடு வரை நிரப்புங்கள். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரையும் அதற்கென விற்கும் அளவுத் திரவத்தால் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். செறிவு தவறியிருந்தால் ஒரே நாளில் திருத்தாமல் சில நாள்களுக்குப் பரப்பித் திருத்துங்கள்.

இந்நகரில் வாழ்பவர்கள் மறந்துவிடும் ஒன்று கொசுப்புகை. டிங்கிக் காய்ச்சலைக் கட்டுப்படுத்த அடுக்குமாடிகளில் அடிக்கப்படும் புகை மருந்துகளிலும், வீட்டில் நாம் தெளிக்கும் பூச்சிக்கொல்லிகளிலும் இருக்கும் பைரத்ராய்டு வகை வேதிப்பொருள்கள் மனிதர்களுக்கு ஓரளவு பாதுகாப்பானவை என்றாலும் மீன்களுக்குக் கொடிய நஞ்சு. ஏர் பம்ப் அறையின் காற்றை உறிஞ்சி நேராக நீருக்குள் செலுத்துகிறது. புகை அடிக்கும் அறிவிப்பு வந்தால் சன்னல்களை மூடி, தொட்டியைப் பிளாஸ்டிக் விரிப்பால் போர்த்தி, ஏர் பம்பை நிறுத்தி, நீருக்குள் ஓடும் பம்பை மட்டும் ஓடவிட்டு, புகை கலைந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். மீன் சாப்பாட்டை நிறுத்திய நாளுக்கு முந்தைய நாள் வீட்டில் கொசு மருந்து அடிக்கப்பட்டதா என்று கேட்டுப் பாருங்கள். அடித்திருந்தால் நீரில் கணிசமான பங்கை மாற்றி, வடிகட்டியில் அதற்கென விற்கும் புதிய கரியை (ஆக்டிவேட்டட் கார்பன்) வையுங்கள்.

உங்கள் மீன் பச்சை உடலில் கரும்புள்ளிகள் கொண்ட கிரீன் ஸ்பாட்டட் பஃபரா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். தென்கிழக்காசியக் கழிமுகங்களில் வாழும் இம்மீனை நன்னீர்த் தொட்டியில் வைத்து விற்கும் வழக்கம் இங்கே உண்டு. நன்னீரிலேயே விடப்பட்டால் அது நாளடைவில் நலிந்து உணவைக் குறைக்கும். அதற்கு வேண்டியது மருந்தன்று, உப்பு, வாரத்துக்கு 0.002 அளவில் ஒப்படர்த்தியை மெல்ல ஏற்றிக்கொண்டு போனால் போதும்.

நீரின் கணக்கு எல்லாம் சரியாக இருந்தும் மீன் ஒதுங்கியே இருந்தால், உடன் வாழும் மீன்களைக் கவனியுங்கள். டிரிகர் மீன் போன்ற முரட்டு மீன்கள் பேத்தையின் துடுப்பைக் கடிக்கும். இரண்டு பேத்தைகள் ஒன்றையொன்று விரட்டும். விளக்கணைத்த பிறகு சற்றுத் தொலைவில் அமர்ந்து பார்த்தால்தான் இது தெரியவரும்.

இரண்டாம் படி: வாய்

பேத்தையின் பற்கள் ஒன்றாய் இணைந்து அலகாக மாறியவை. டாக்ஃபேஸ், வாலன்டினி போன்றவற்றுக்கு நான்கு தகடுகளும், முள் நிறைந்த போர்க்குபைனுக்கு மேலொன்று கீழொன்றாக இரண்டு தகடுகளும் உண்டு. இந்த அலகு வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். கடலில் சிப்பியையும் நண்டையும் பவளத்தையும் கடித்து அது தேய்கிறது. தொட்டியில் உரித்த இறாலும் மென்மையான மீன்துண்டும் மட்டுமே கொடுக்கப்பட்டால் தேய வழியில்லாமல், மேல்தகடும் கீழ்தகடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியோ வெளிப்புறமாக வளைந்தோ வாயை அடைத்துவிடும். மீன் கண்ணாடியருகே முகம் காட்டும்போது கைவிளக்கின் ஒளியில் நேருக்கு நேர் படமெடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். இயல்பான அலகு உதடுகளுக்கு வெளியே சற்றே எட்டிப் பார்க்கும். வளர்ந்துவிட்ட அலகில் வாய் முழுவதும் மூடாது, உணவை இறுகக் கவ்வ இயலாது.

சிறிதளவே வளர்ந்திருந்தால், ஓட்டோடு கூடிய சிறு நத்தைகளையும் நண்டுக் கால்களையும் கொடுத்தே தேய்க்கலாம். கவ்வவே முடியாத அளவுக்கு வளர்ந்திருந்தால் மயக்கமருந்து கொடுத்து வெட்டுவது ஒன்றே வழி. கிராம்பு எண்ணெயைச் சொட்டுக் கணக்கில் நீரில் கலந்து மீனை மயக்கி, நகவெட்டியால் அலகை வெட்டும் முறையை வளர்ப்பாளர்கள் பலர் கையாள்கிறார்கள் என்பது உண்மைதான். ஆயினும் அளவு சற்றுக் கூடினால் மீன் விழிக்காது, ஏற்கெனவே மெலிந்த மீனுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். முதன்முறை செய்பவர் இதைத் தனியாகச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வாய் பாதி திறந்தபடியே நின்று, மூடவும் முடியாமல், திறக்கவும் முடியாமல் இருக்கும் தாடை இறுக்கம் போர்க்குபைன் மீன்களில் அவ்வப்போது காணப்படுகிறது. நெடுநாள் ஒரே வகை உணவை, குறிப்பாக உறைந்த கிரில்லை (இறால் போன்ற சிறு கடலுயிரி) மட்டும் கொடுப்பதோடு வளர்ப்பாளர்கள் இதைத் தொடர்புபடுத்துகிறார்கள். வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் தயாமினேஸ் என்னும் நொதி இறால் வகைகளிலும் சிப்பி வகைகளிலும் பலவற்றில் உண்டு. இந்நிலையில் நாள்களைக் கடத்தாமல் மருத்துவரிடம் போவதே சரி. குழாய் வழியே உணவூட்டிக் காப்பாற்ற வேண்டிய கட்டம் இது.

சுவரில் ஒட்டும் ரப்பர்க் குமிழோ காற்றுக்குழாயின் துண்டோ காணாமல் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். பேத்தை எதையும் கடித்துப் பார்க்கும். விழுங்கிய பொருள் குடலை அடைத்தால் உணவு இறங்காது; கழிவும் வராது.

மூன்றாம் படி: தோல், செவுள், குடல்

உப்புத் தூவியதுபோலத் தனித்தனி வெண்புள்ளிகள் தெரிந்தால் அது கடல்நீர் வெண்புள்ளி நோயாக இருக்கலாம்; மாவு படிந்ததுபோல மிக நுண்ணிய துகள்கள் மின்னி, மீன் வேகமாக மூச்சு வாங்கினால் வெல்வெட் நோயாக இருக்கலாம். இரண்டாவது மிக விரைவில் கொல்லக்கூடியது. மீன் உடலைப் பாறையில் உரசிக்கொள்வதும், கண்கள் கலங்குவதும், ஒரு செவுளை மட்டும் அசைப்பதும் தோலிலும் செவுளிலும் ஒட்டும் தட்டைப்புழுக்களின் அடையாளங்கள். உண்டாலும் உடல் மெலிந்து, வெண்ணிறமாக நூல்போல் கழிவு தொங்கினால் குடற்புழுக்களை ஐயப்பட வேண்டும். கடலில் பிடித்து வரப்படும் பேத்தைகளில் இது அரிதன்று.

நோயை ஓரளவு உறுதிசெய்த பின்னரே மருந்து. அதுவும் முதன்மைத் தொட்டியில் வேண்டாம். பஞ்சு வடிகட்டி, சூடு காட்டும் கருவி, ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு ஆகியவை மட்டுமே உள்ள தனிமைத் தொட்டியில் மருந்திடுங்கள். பேத்தைக்கு வழக்கமான செதில்கள் இல்லை. செப்பு கலந்த மருந்துகளை அது மற்ற மீன்களைப்போலத் தாங்குவதில்லை, செப்பு பசியையும் அடக்கிவிடும். சாப்பிடாத மீனுக்கு அதையே முதல் மருந்தாக ஊற்றுவது ஏன் தவறு என்பது இதனால் விளங்கும். வெண்புள்ளி நோய்க்கு உப்புச்செறிவை ஒப்படர்த்தி 1.009 வரை மெல்லக் குறைத்து, குறைந்தது நான்கு வாரம் அங்கேயே வைத்திருக்கும் முறை உண்டு. துல்லியமான ரிஃப்ராக்டோமீட்டரும், தினமும் பிஎச் அளக்கும் பொறுமையும் இருந்தால் மட்டுமே அதில் இறங்குங்கள். வெல்வெட் நோய்க்கு இது பயன்படாது. தட்டைப்புழுக்களுக்குப் பிராசிகுவான்டெல் என்னும் புழுமருந்து ஏற்றது. முட்டைகளை அது அழிக்காது என்பதால் ஒரு வார இடைவெளியில் மீண்டும் இட வேண்டும். வெண்புள்ளி ஒட்டுண்ணியின் உறை மூடிய கூடுகள் தொட்டித் தரையில் நெடுநாள் தங்குவதால், முதன்மைத் தொட்டியை 76 நாள் மீன் இல்லாமல் விடுவது வளர்ப்பாளர்களிடையே வழக்கம்.

மீனை இடம் மாற்றும்போது வலையால் தூக்காதீர்கள். முட்கள் வலையில் சிக்கும். அஞ்சி ஊதினால் நீருக்குப் பதிலாகக் காற்றை விழுங்கிவிடும். நீருக்கடியிலேயே ஒரு கலனுக்குள் வரவழைத்து, நீரோடு சேர்த்து எடுங்கள். காற்றை விழுங்கி மிதக்கும் மீனைக் கையுறை அணிந்து, நீருக்குள்ளேயே தலை மேலாகவும் வால் கீழாகவும் நிமிர்த்திப் பிடித்து, வயிற்றை மெல்ல அசைத்தால் காற்று வாய் வழியே குமிழிகளாக வெளியேறும்.

நான்காம் படி: உணவு

நீர் சீராகி, வாயிலும் உடம்பிலும் குறை இல்லை என்றான பிறகு, ஒரு நாள் எதையும் கொடுக்காமல் விடுங்கள். பிறகு நாளுக்கு ஒரு முறை, ஒரே ஒரு வகை உணவை, கண்ணளவுத் துண்டாகக் கொடுங்கள். போர்க்குபைன் இயற்கையில் இரவில் இரை தேடும் மீன். விளக்கணைத்துச் சற்று நேரம் கழித்துக் கொடுத்தால், பகலில் திரும்பிப் பார்க்காத உணவையே அது எடுத்துக்கொள்வதுண்டு. டாக்ஃபேஸுக்குப் பகல் வெளிச்சமே ஏற்றது.

பசியைத் தூண்டுவதில் பாதி திறந்த சிப்பிக்கு நிகரானது எதுவும் இல்லை. புடு, சௌகிட், செந்தூல் சந்தைகளில் காலை வேளையில் உயிருள்ள லாலா, கூப்பாங், கெராங் ஆகிய சிப்பி வகைகள் கிடைக்கும். தட்டினால் வாயை மூடிக்கொள்வதாகப் பார்த்து வாங்குங்கள். மீன் வளர்ப்பவர் நான்கே நான்கு சிப்பி கேட்டால் கடைக்கார அக்கா ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். அரைக் கிலோ வாங்கி, மிச்சத்தை வீட்டுச் சமையலுக்கு வைத்துக்கொள்ளலாம். சேற்றில் வளர்வதால் கெராங்கை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். எந்தச் சிப்பியையும் சில நாள் உறையவைத்துப் பிறகு கொடுப்பது ஒட்டுண்ணி அபாயத்தைக் குறைக்கும். கத்தியால் ஓட்டைப் பாதி திறந்து, மீன் அடிக்கடி நிற்கும் இடத்தின் அருகே வைத்துவிட்டு அறையைவிட்டு வெளியே செல்லுங்கள். அரைமணி நேரத்தில் தொடாவிட்டால் எடுத்துவிடுங்கள். நம் ஊர் வெப்பத்தில் சிப்பி வெகு விரைவில் அழுகும்.

அதற்கும் அசையாத மீனுக்கு, அசையும் இரை தேவைப்படலாம். உயிருள்ள சிறு இறால், சிறு நண்டு, நத்தை ஆகியவற்றுள் ஒன்றை விட்டுப் பாருங்கள். தங்கமீன் போன்ற நன்னீர்த் தீனி மீன்களைத் தவிருங்கள்; அவற்றில் தயாமினேஸும் உண்டு, நோயும் வரலாம். சந்தை இறாலில் உரித்துப் பதப்படுத்தியதை வேண்டாம் என்று சொல்லி, ஓட்டோடு இருக்கும் பச்சை இறாலையே வாங்குங்கள். உப்போ மசாலாவோ எண்ணெயோ பட்ட எதையும் போடக் கூடாது. பூண்டுச் சாற்றில் ஊறவைத்துக் கொடுத்தால் பசி வரும் என்பது வளர்ப்பாளர்களிடையே நிலவும் நம்பிக்கை. அதில் தீங்கில்லை, ஆனால் அதை நம்பி நாள்களைக் கடத்தாதீர்கள். வைட்டமின் திரவத்தில் பத்து நிமிடம் ஊறவைப்பது அதைவிடப் பயனுள்ளது.

மீன் மீண்டும் உண்ணத் தொடங்கியதும் வீட்டார் மகிழ்ச்சியில் அள்ளிப் போட முற்படுவார்கள். முதல் வாரம் தினமும் சிறிதளவு, பிறகு மெல்ல ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற முறைக்குத் திரும்புங்கள். கணவாய், சிப்பி, நண்டு, இறால், நத்தை என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, வாரத்தில் இரண்டு முறையாவது ஓட்டோடு கூடிய உணவு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் எப்போது, எப்படி?

வயிறு குழிவிழுந்த மீன், தாடை இறுகிய மீன், அலகு வளர்ந்து கவ்வ முடியாத மீன், நீர் சரியாக இருந்தும் பத்து நாளாக எதையும் தொடாத பெரிய மீன் ஆகியவற்றை மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாய், பூனைகளைப் பார்க்கும் எல்லா மருத்துவர்களும் மீனைப் பார்ப்பதில்லை. அயல்வகைச் செல்லப்பிராணிகளுக்கு மருத்துவம் பார்ப்பவரைத் தேடி முன்கூட்டியே தொலைபேசியில் கேளுங்கள். செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையையும் இவ்வாறு தொடர்புகொண்டு விசாரிக்கலாம். ஆறு நீர் அளவுகளும் எழுதிய தாள், நாள்வாரியான படங்கள், கடைசியாக உண்ட உணவும் தேதியும், தொட்டியில் இதுவரை இட்ட மருந்துகளின் பெயர்கள் ஆகியவற்றைக் கொண்டுசெல்லுங்கள். மருந்தை மறைக்காமல் சொல்லுங்கள். முன்பு இட்டதன்மேல் இன்னொன்றைச் சேர்ப்பது ஆபத்து.

பயணத்துக்கு மூடியுள்ள வாளியில் தொட்டி நீரையே பாதியளவு நிரப்பி, மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பை இணைத்து, வெளிச்சம் படாதபடி துணியால் மூடுங்கள். காரில் குளிர்சாதனக் காற்று நேராக வாளியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு கேனில் அதே தொட்டி நீரைக் கூடுதலாக எடுத்துச் செல்வது நல்லது. சோதனைக்கும் உதவும், திரும்பும் வழியில் நெரிசலில் சிக்கினால் மாற்றுவதற்கும் உதவும். ஒருவேளை மீன் இறந்துவிட்டால், அதைப் பூனைக்கோ கோழிக்கோ எட்டும்படி எறிந்துவிடாமல், இரண்டு பைகளில் இறுகக் கட்டி அப்புறப்படுத்துங்கள். பேத்தையின் ஈரலிலும் சினைப்பையிலும் இருக்கக்கூடிய டெட்ரோடாக்சின் நஞ்சு சமைத்தாலும் நீங்காது.